பச்சைக் கதவு, மஞ்சள் கதவு, திரைச்சீலை

கூடத்தில் இருந்த ஐம்பத்திரண்டு அட்டைப்பெட்டிகளையும் மெக்கானிக் ஒற்றை ஆளாகத் தூக்கி மாடிப்படிக்கு அடியில் அடுக்கிக்கொண்டிருந்தார். யார் கை கொடுக்க வந்தாலும் விடவில்லை. எந்தப் பெட்டியில் குக்கர் ரப்பர், எதில் வாஷிங் மெஷின் குமிழ், எதில் பிரிட்ஜ் கதவின் ரப்பர்ப் பட்டை என்பது தனக்கு மட்டும்தான் தெரியும், கலைத்துவிட்டால் பிறகு யார் தேடுவது என்பது அவர் வாதம். உண்மைக் காரணம் வேறு. பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கினால் அது முகம் வரைக்கும் மறைக்கும். பாதி ஊர் கூடியிருக்கும் வீட்டில் ஒரு மனிதன் அழுவதற்கு அவ்வளவு மறைப்பாவது வேண்டாமா?

கூடத்தின் நடுவில் அவர் மனைவி படுத்திருந்தாள். ஒன்றரை வருடம் நோயோடு மல்லுக்கட்டிவிட்டு, விடிவதற்குச் சற்று முன்பு, யாரையும் எழுப்பாமல் போய்விட்டாள். எட்டு வருடங்களாக அந்தக் கூடம் அவள் நடத்திய இணையக் கடைக்குக் கிடங்கு. சாமான் வந்து இறங்குவதும் அங்கேதான், கட்டி அனுப்புவதும் அங்கேதான். வந்தவர்கள் உட்கார இடம் வேண்டுமென்று இன்றைக்குத்தான் அது மறுபடியும் கூடமானது.

கடைசிப் பெட்டி ஒன்றை மட்டும் வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். காற்றடித்தால் அந்தக் கதவு படாரென்று சாத்திக்கொள்ளும். சரி பண்ணுகிறேன் என்று சொல்லியே மூன்று வருடம் ஓட்டிவிட்டார்.

அப்போது சின்ன அறையிலிருந்து லேப்டாப் ‘டிங்’ என்றது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. மூன்றாவதும் கேட்டது.

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்தவள், கட்டின புடவையோடு அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா, இன்னிக்கு வியாழக்கிழமை. பத்து மணி.”

மெக்கானிக்குக்கும் அது உறைத்தது. வியாழக்கிழமை பத்து மணிக்கு அவர் மனைவியின் ஆபீஸ் கூடும். கடல் தாண்டி மூன்று நாடுகளில் மூன்று பேர் அவளுக்கு வேலை பார்த்தார்கள். ஒருத்தி வாடிக்கையாளர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதுவாள். ஒருவர் சாமான்களின் போட்டோக்களைத் துடைத்து வெள்ளைப் பின்னணியில் வைத்துத் தருவார். இன்னொருவர் அளவு, மாடல் எண் எல்லாம் சரிபார்த்துக் கடைப் பக்கத்தில் ஏற்றுவார். மூவரையும் அவள் இணையத்திலேயே தேடி, சோதித்து, வேலைக்கு எடுத்திருந்தாள். ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை.

“இவங்களுக்குச் சொல்லணுமேப்பா. பாவம், காத்துக்கிட்டு இருப்பாங்க. நான் எழுதிடவா?”

“வேண்டாம். அது என் வேலை. இவங்ககிட்ட எப்படிப் பேசணும், என்ன சொல்லணும்னு உங்கம்மா எனக்குத்தான் எழுதி வெச்சிருக்கா.”

“ஆமா, அந்த ஸ்பைரல் நோட்டு. அதான் படிச்சிட்டீங்கல்ல, அப்புறம் என்ன.”

“படிச்சேன்” என்றார் மெக்கானிக்.

அந்தப் பொய்யை அவர் சொல்வது இது இரண்டாவது தடவை.

முதல் தடவை மூன்று வாரத்துக்கு முன்னால். நாற்பது பக்கம் அச்செடுத்து, ஸ்பைரல் போட்டு, அவர் கையில் கொடுத்தாள். “எனக்கு அப்புறம் கடையை நீங்கதான் பார்த்துக்கணும். இதை முழுசா படிச்சிட்டு வந்து சொல்லுங்க” என்றாள். மெக்கானிக்குக்குப் புத்தகம் பார்த்து வேலை செய்வது கௌரவக் குறைச்சல். முப்பத்தைந்து வருடத்தில் எந்த மெஷினோடு வந்த கையேட்டையும் அவர் பிரித்தது கிடையாது. மெஷினைத் தட்டிப் பார்ப்பார், காது வைத்துக் கேட்பார், பின்பக்கத்தைக் கழற்றிவிடுவார். அதே தைரியத்தில் இரண்டு பக்கம் மேய்ந்தார். ‘எனக்கு அப்புறம்’ என்ற வார்த்தை மூன்றாவது பக்கத்திலேயே வந்தது. அதற்கு மேல் கண் ஓடவில்லை. மூடி வைத்துவிட்டார். மறுநாள் போய், “படிச்சேன். பிரமாதமா எழுதியிருக்கே, மேனேஜரம்மா” என்றார்.

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தார். பிறகு “சரி” என்றாள். அவ்வளவுதான்.

அந்த ‘சரி’ மூன்று வாரமாக அவர் தொண்டையில் நிற்கிறது. நம்பிச் சொன்ன ‘சரி’யா, கண்டுபிடித்துச் சொன்ன ‘சரி’யா? இன்றைக்கு விடியற்காலை அவள் கை சில்லிட்டுக் கிடந்தபோதுகூட, இனிமேல் அதைக் கேட்க முடியாதே என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது.

சின்ன அறைக்குள் போய் கதவை ஒருக்களித்தார். அவள் நாற்காலியில் இதுவரை உட்கார்ந்ததில்லை. அது உயரம் குறைவு. முழங்கால் மேஜையில் இடித்தது.

திரையில் மூன்று வட்டங்கள் பச்சையாக எரிந்தன. அந்த லேப்டாப்புக்குள் ஒரு மொழிபெயர்ப்பு வசதி இருந்தது. யார் எந்த மொழியில் எழுதினாலும் படிக்கிறவர் மொழியில், கொஞ்சம் கோணல்மாணலாக வந்து விழும்.

‘காலை வணக்கம் மேடம். நான் இங்கே இருக்கிறேன்.’

‘நானும் இங்கே இருக்கிறேன்.’

‘மேடம், உங்கள் கேமராவுக்கு இன்று உடம்பு எப்படி இருக்கிறது?’

கடைசி வரியை மெக்கானிக் இரண்டு தரம் படித்தார். கேமராவுக்கு என்ன உடம்பு? ஒன்றும் விளங்கவில்லை. பதிலுக்கு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. ‘இறந்துவிட்டாள்’ என்று இரண்டு வார்த்தையில் தட்டிவிடலாம். ஆனால் அவள் அதற்கும் ஒரு முறை வைத்திருப்பாள். எதற்குத்தான் வைக்கவில்லை? அலமாரியைத் திறந்து ஸ்பைரல் நோட்டை எடுத்தார். அட்டையில் வட்டமாக ஒரு காப்பிக் கறை. அவருடைய டம்ளர் உட்கார்ந்த இடம். அவள் எழுதிய நாற்பது பக்கத்தை அவர் அதற்குத்தான் பயன்படுத்தியிருக்கிறார்.

வெட்கமாக இருந்தது. கட்டை விரலால் கறையைத் தேய்த்துப் பார்த்தார். போகிற கறையா அது.

நாலு மணிக்கு அவளை எடுத்துப்போக வண்டி வரும். அதற்குள் படித்து முடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அவள் சொல்லி, அவர் செய்யாமல் விட்ட வேலை இந்த வீட்டில் ஆயிரம் கிடக்கிறது. இதையாவது, அவள் இந்த வீட்டில் இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டும்.

முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார்.

அவள் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தாள். கடவுச்சொல் எங்கே இருக்கிறது, எந்தப் பொருள் எந்த மாதத்தில் அதிகம் போகும், ‘உங்க பொருள் ஓட்டை’ என்று திட்டி எழுதுகிறவர்களுக்கு முதல் நாள் ஏன் பதில் போடக் கூடாது. ‘எனக்கு அப்புறம்’ மூன்றாவது பக்கத்தில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினார். தாண்டிப் பார்த்தால் ஆறாவது பக்கம் வரைக்கும் அந்த வார்த்தையே இல்லை. இதற்கா அவ்வளவு பயந்தோம் என்றிருந்தது.

ஏழாவது பக்கத்தில் மூன்று பேரும் வந்தார்கள்.

‘பச்சைக் கதவு: கடிதம் எழுதறவ. கைக்குழந்தைக்காரி. குழந்தை தூங்கும்போதுதான் வேலை நடக்கும். “உடனே”ங்கிற வார்த்தையை அவகிட்ட எழுதாதீங்க, பதறிடுவா. கேமரா ரிப்பேர்னு ஆறு மாசமா சொல்லிக்கிட்டிருக்கேன். நம்பலை. ஆனா நம்பின மாதிரியே விசாரிப்பா. அந்த நாகரிகம் எல்லாருக்கும் வராது.’

மெக்கானிக் திரையை நிமிர்ந்து பார்த்தார். கேமராவின் உடம்பு இப்போது விளங்கியது. ஆறு மாதமாக, தலைமுடி கொட்டின முகத்தைக் காட்டாமல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு இவள் ஆபீஸ் நடத்தியிருக்கிறாள். பக்கத்து அறையில் இருந்த அவருக்குத் தெரியவில்லை. கடலுக்கு அப்பால் இருந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது.

‘மஞ்சள் கதவு: போட்டோக்காரர். “நல்லா இருக்கு”ன்னு மொட்டையா சொல்லாதீங்க. எது நல்லா இருக்குன்னு சொல்லுங்க. நிழல் விழற மாதிரி ஒரு வேலை பண்ணுவார் பாருங்க, சாதாரண குக்கர் மூடி கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி நிக்கும்.

‘திரைச்சீலை: அளவு பார்க்கறவர். அவர் ஊர்ல கரண்ட் போனா ரெண்டு நாள் ஆளே இருக்க மாட்டார். காணோமேன்னு வேற ஆளைத் தேடிடாதீங்க. வந்துடுவார். எப்பவும் வந்திருக்கார்.’

இந்தப் பெயர்களை மெக்கானிக் எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ‘பச்சைக் கதவுக்கு ஜுரம்’, ‘மஞ்சள் கதவு லீவு கேக்குது’ என்று சாப்பிடும்போது சொல்வாள். ஏன் இந்தப் பெயர் என்றும் எப்போதாவது சொல்லியிருப்பாள். அவர் ஏதாவது மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டு ‘ம்’ கொட்டியிருப்பார்.

கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள். அவரை விட ஏழு வயது மூத்தவள். அவரைத் திட்டுவதற்கான உரிமையை அறுபது வருடமாக யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள்.

“ஏன்டா, பொண்டாட்டி அங்க கிடக்கா, நீ இங்க உக்காந்து என்னத்தைப் பரீட்சைக்குப் படிக்கிறே? வர்றவங்கல்லாம் உன்னைத்தான் கேக்கறாங்க.”

“வந்துடறேன்க்கா. கொஞ்சம்தான் இருக்கு.”

“காலையிலேருந்து பச்சைத் தண்ணி வாயில ஊத்தலை நீ. எதிர் வீட்டு டெய்லர் ரொட்டியும் பாலும் கொண்டாந்து வெச்சிருக்கான். ஒரு வாய் சாப்பிட்டுட்டு எந்த வேலையை வேணா பாரு.”

“இறங்காதுக்கா.”

“இறங்காமக் கிடந்து நீயும் விழுந்துட்டீன்னா, பிள்ளை யாரைப் பார்க்கும்? சர்க்கரை உடம்பு வேற.”

அவர் பக்கத்தைத் திருப்பினார். அக்கா நின்று பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பால் மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள்.

இரண்டு தடவை வெளியே எழுந்து போனார். வந்தவர்களைக் கும்பிட்டார். “எப்படி ஆச்சு?” என்று கேட்டவர்களுக்கு “தூக்கத்துலேயே” என்று சொன்னார். ஒரு பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டு மிக்ஸிக்கு உங்கள் வீட்டம்மாதான் எங்கிருந்தோ மூடி வரவழைத்துக் கொடுத்தார்கள், இருபது வருட மிக்ஸி இன்றைக்கும் ஓடுகிறது என்று சொல்லி அழுதார். மெக்கானிக் அவரைத் தேற்றி உட்கார வைத்துவிட்டு மறுபடி நோட்டுக்கு வந்தார். திரையில் இன்னொரு வரி காத்திருந்தது.

‘நாங்கள் காத்திருக்கிறோம் மேடம். எந்த அவசரமும் இல்லை.’

மணி ஒன்று. மூன்று மணி நேரமாக மூன்று பேரும் எழுந்து போகவில்லை. அதற்கும் காரணம் நோட்டில் இருந்தது. கூட்டம் முடிகிறபோது அவள் ‘சரி, போய்ச் சாப்பிடுங்க’ என்று எழுதுவாளாம். அது வந்தால்தான் அவர்கள் எழுந்திருப்பார்கள். பச்சைக் கதவு ஊரில் அது படுக்கப் போகிற நேரம். ‘நான் பல் தேய்த்துவிட்டேனே மேடம்’ என்று முதல் வாரம் எழுதியிருக்கிறாள். ‘அப்ப ஒரு டம்ளர் தண்ணியாவது குடி’ என்று இவள் பதில் போட்டிருக்கிறாள்.

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார். வெளியே கேட்டால் என்ன நினைப்பார்கள்?

பதினாறாவது பக்கத்தில் தலைப்பு, ‘புதுசா ஆள் எடுக்கணும்னா.’

‘எல்லாத்துக்கும் “முடியும், முடியும்”ங்கிறவங்களை எடுக்காதீங்க. “இது எனக்குத் தெரியாது, கத்துக்கறேன்”ங்கிறவங்களைப் பாருங்க. முதல்ல சின்ன வேலை ஒண்ணு கொடுத்து, அதுக்கும் கூலி கொடுத்துடுங்க. அவங்க வேலை செய்யும்போது அவங்க திரையைத் திருட்டுத்தனமாப் படம் எடுக்கிற சாமான் ஒண்ணு விப்பாங்க. வாங்காதீங்க. ஆளை நம்பலைன்னா எடுக்காதீங்க, எடுத்தா நம்புங்க.

‘முக்கியமானது இதான். விளம்பரத்தை நல்லா நீளமா எழுதுங்க. நடுவுல எங்கேயாவது ஒரு வரி ஒளிச்சு வைங்க. “இது வரைக்கும் படிச்சிருந்தா, உங்க பதில்ல முதல் வார்த்தையா உங்க வீட்டுக் கதவு என்ன நிறம்னு எழுதுங்க.” நூறு பேர் விண்ணப்பம் போட்டா எண்பது பேர் அந்த வரியைப் பார்த்திருக்கவே மாட்டாங்க. “எல்லாம் படிச்சேன் மேடம்”னு வேற எழுதுவாங்க. அவங்க கெட்டவங்க இல்லைங்க. அவசரக்காரங்க. உங்களை மாதிரி.

‘இவங்க மூணு பேரும் படிச்சாங்க. ஒருத்தி பச்சைன்னு எழுதினா. ஒருத்தர் மஞ்சள்னு எழுதினார். ஒருத்தர், “என் வீட்டில் கதவு இல்லை, பூப்போட்ட திரைச்சீலைதான் இருக்கிறது”ன்னு எழுதினார். வாய்க்கு வந்த ஒரு நிறத்தைச் சொல்லிட்டுப் போயிருக்கலாம். சொல்லலை. அன்னிக்கே எடுத்துட்டேன். போன வருஷம் கதவு போட்டுட்டார். ஆனாலும் பேரை மாத்த வேண்டாம்னு கேட்டுக்கிட்டார்.’

மெக்கானிக் நோட்டை மடியில் கவிழ்த்தார்.

அப்படியென்றால் இந்த நோட்டிலும் ஒரு வரி இருக்கும். எல்லோருக்கும் வைத்தவள் அவருக்கு வைக்காமல் விட்டிருப்பாளா? ‘படிச்சிட்டு வந்து சொல்லுங்க’ என்றாளே. ‘படிச்சேன்’ என்று அவர் சொன்ன அந்த நொடியில், அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வரவில்லை. ‘சரி’ என்றுவிட்டாள்.

ஆக, தெரியும். அவளுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்து மூன்று வாரம் அவரோடு பேசினாள், சிரித்தாள், தண்ணீர் கேட்டாள், ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. எண்பது பேரில் ஒருவனைக் கட்டிக்கொண்டோமே என்று நினைத்தபடியே போயிருப்பாளோ?

அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினார். இருபது, இருபத்தேழு, முப்பது. எழுத்துகள் ஓடின, ஒன்றும் கண்ணில் தங்கவில்லை. பிறகு கையை நிறுத்திக்கொண்டார். இதுதானே, இப்படிப் புரட்டித்தானே இந்தக் கதிக்கு வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதினேழாவது பக்கத்துக்குத் திரும்பி, வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்.

திரும்ப வந்த சாமானை என்ன செய்வது. உடைந்து போனால் யாருக்கு எழுதுவது. எந்த ரப்பரை வெயிலில் வைக்கக் கூடாது. இதில் பாதி அவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். ‘இதை உங்களுக்கே எழுதறேன், சிரிக்காதீங்க’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தாள்.

இருபத்து மூன்றாம் பக்கம். முகவரிச் சீட்டு அச்சடிக்கும் மெஷினில் காகிதம் சிக்கினால் எப்படி எடுப்பது என்று ஒரு நீளமான பத்தி. அவர் எந்தக் காலத்திலும் படிக்க மாட்டார் என்று தெரிந்தே அங்கே வைத்திருக்கிறாள். காகிதம் எடுப்பது எப்படி என்று மெக்கானிக்குக்குச் சொல்லிக் கொடுக்கிற பத்தியை எந்த மெக்கானிக் படிப்பான்? பத்தியின் நடுவில் அச்செழுத்தில் இருந்தது:

‘இது வரைக்கும் வரி விடாமப் படிச்சிருந்தா, எழுந்து என்கிட்ட வாங்க. நம்ம வீட்டுக் கதவு என்ன நிறம்னு சொல்லுங்க. செங்கல்னு சொன்னாத்தான் ஒத்துப்பேன்.’

அந்தக் கதவைப் பற்றி அவர்களுக்குள் ஆறு வருட வழக்கு உண்டு. பெயின்ட் வாங்கி வந்து அடித்தது அவர். காப்பிக்கொட்டை நிறம் என்பார். கண் இருக்கிறவர்கள் யாரும் அதைக் காப்பிக்கொட்டை என்று சொல்ல மாட்டார்கள், அது செங்கல் என்பாள் அவள். வீட்டுக்கு வருகிற கொரியர்காரர்களையெல்லாம் நிறுத்தி வைத்துத் தீர்ப்புக் கேட்பார்கள். அவர் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

அந்த வரியின் மேல் நீலப் பேனாவால் ஒரு கோடு. அச்செழுத்து முழுவதையும் அடித்திருந்தாள். பக்கத்தின் ஓரத்தில், மேலிருந்து கீழாகச் சரிந்துகொண்டே போகும் நடுக்கமான கையெழுத்தில் எழுதியிருந்தது:

‘பரவாயில்லைங்க. இதை நீங்க எப்போ படிப்பீங்கன்னு எனக்குத் தெரியும். முதல்ல எழுந்து போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. வெறும் வயித்துல உங்களுக்கு ஒண்ணும் மண்டையில ஏறாது. என்ன சாப்பிட்டீங்கன்னு முதல் வார்த்தையா எழுதிட்டு, அப்புறம் அவங்க மூணு பேருக்கும் என் விஷயத்தைச் சொல்லுங்க. மிச்சப் பக்கம் எங்கேயும் ஓடிடாது.’

போன வாரம் ஒரு நாள் சாயங்காலம், “அந்தப் பேனாவைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க” என்று கேட்டாள். கொரியர் ரசீதில் கையெழுத்துப் போடத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, மூடியைத் திறந்து கையில் கொடுத்தவர் அவரேதான்.

அந்தப் பக்கத்தின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டு மெக்கானிக் அழுதார். இப்போது பெட்டி எதுவும் தேவைப்படவில்லை.

பிறகு எழுந்து சமையலறைக்குப் போனார். மேடையில் டெய்லர் கொண்டுவந்த ரொட்டி துணி போட்டு மூடியிருந்தது. நின்றுகொண்டே ஒரு துண்டைப் பிய்த்துப் பாலில் நனைத்து வாயில் போட்டார். இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. பின்னால் வந்து நின்ற அக்கா வாய் திறக்கவில்லை. பேசினால் நிறுத்திவிடுவானோ என்று பயந்தவள் போல, இன்னும் கொஞ்சம் பாலை ஊற்றிவிட்டு நகர்ந்தாள். மகள் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள்.

“அப்பா?”

“உங்கம்மா சாப்பிடச் சொல்லியிருக்கா” என்றார்.

அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, அவளும் வந்து ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். இருவரும் மேடையில் சாய்ந்து நின்று ஒரே கிண்ணத்தில் தொட்டுச் சாப்பிட்டார்கள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடம் கிளம்புகிற அவசரத்தில் இப்படித்தான் சாப்பிடுவார்கள்.

“அப்பா, நீங்க அந்த நோட்டைப் படிக்கலைதானே?”

“படிக்கலை.”

“அம்மா சொன்னாங்க.”

அவர் கை கிண்ணத்திலேயே நின்றது. “என்ன சொன்னா?”

“போன்ல சொன்னாங்க. உங்கப்பா ரெண்டு பக்கம்தான் படிச்சாரு, பயந்துட்டாரு, பாவம்னு.”

‘பாவம்’ என்று சொன்னாளா என்று இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு சின்ன அறைக்குப் போனார்.

ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார்.

‘ரொட்டி, பால். நான் மேடத்தின் வீட்டுக்காரர், மெக்கானிக். இன்று விடியற்காலை மேடம் இறந்துவிட்டார்கள். கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. உங்கள் மூவரைப் பற்றியும் நல்லபடியாக எழுதி வைத்திருக்கிறார்கள். மஞ்சள் கதவுக்கு: குக்கர் மூடிக்கு நீங்கள் போடும் நிழலைத் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வியாழக்கிழமை பத்து மணிக்கு நான் வருவேன். நான் கொஞ்சம் அவசரக்காரன். பொறுத்துக்கொள்ளுங்கள்.’

அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. மூன்று வட்டங்களும் அணையாமல் எரிந்தன. கடைசியில் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன.

‘பச்சை. நாங்கள் முழுவதும் படித்தோம். உங்கள் இழப்பிற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன்.’

‘மஞ்சள். மேடம் என்னிடம் ஒருபோதும் வெறுமனே நன்று என்று சொன்னதில்லை. நானும் சொல்ல மாட்டேன்.’

‘திரைச்சீலை. நான் வியாழக்கிழமை இருப்பேன். மின்சாரம் இல்லாவிட்டாலும் இருப்பேன்.’

“நீ எதுக்கும்மா மன்னிப்புக் கேக்கறே” என்று மெக்கானிக் பச்சைக் கதவின் வரியைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னார். பிறகு இன்னும் ஒரு வரி பாக்கி இருப்பது நினைவுக்கு வந்தது. அது இல்லாமல் அவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள்.

‘சரி, போய்ச் சாப்பிடுங்க’ என்று தட்டினார். வட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. பச்சைக் கதவினுடையதுதான் கடைசி.

அவர் கூடத்துக்கு வந்தபோது மூன்றரை. வந்தவர்கள் பெரும்பாலும் வெளியே நிழலுக்குப் போயிருந்தார்கள். வாசல் கதவு காலையில் முட்டுக் கொடுத்தபடியே சுவரோடு ஒட்டிக் கிடந்தது. நாள் முழுக்க அத்தனை பேர் அதைத் தாண்டி வந்து போனார்கள், கதவின் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. மெக்கானிக் குனிந்து பெட்டியை நகர்த்திக் கதவைப் பாதி சாத்தினார். மேற்கு வெயில் அதன்மேல் விழுந்தது. மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, முதல் தடவையாகப் பார்ப்பவர் போல மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார்.

பிறகு அவளிடம் போனார். தரையில் உட்கார்ந்தார். முழங்கால் மடக்கும்போது வலித்தது. அவள் காதோரம் குனிந்தார்.

“செங்கல்தான்” என்றார்.

தலைமாட்டில் இருந்த மகள் அம்மாவின் தோளில் புடவையை இழுத்துவிட்டாள்.

தெருமுனையில் வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. மெக்கானிக் கையை ஊன்றி எழுந்தார். காற்றுக்குக் கதவு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அதை மறுபடி சுவர் வரைக்கும் தள்ளி, பெட்டியை இழுத்து முட்டுக் கொடுத்தார், வண்டிக்காரர்கள் இடிபடாமல் உள்ளே வரட்டும் என்று.